மங்கிய ஒளியைச் சேர்த்து வைத்தல்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பள்ளிகளில் அறிவியல் பயிற்சி பற்றி உரையாற்றுமாறு கழகத்தார் பணித்தனர். நாம் பட்டப்படிப்பில் பயின்றது வரலாறு. அறிவியலைப் பற்றிப் பேச நமக்குத் தகுதி உண்டோ என்று முதலில் தயங்கினோம். ஆயினும் எம் பள்ளி மாணவர்கள் ஒரு சிறு தொலைநோக்கியையும் பழைய கேமரா ஒன்றையும் கொண்டு வானத்து விண்முகில் ஒன்றைப் படம்பிடித்துள்ளனர். அம்முயற்சியில் நாங்கள் கற்றவற்றையும் இடறி விழுந்தவற்றையும், இடையே ஒரு மாணவி கேட்ட கேள்வியையும் உங்கள் முன் வைப்பது பயனுடைத்தாகும் எனக் கருதி இங்கு வந்துள்ளோம்.

மார்கழி, தைத் திங்கள்களில் முன்னிரவில் கிழக்கே எழுந்து உச்சியை நெருங்கி வரும் ஓரியன் என்னும் வேட்டைக்காரன் தொகுதியை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். ஒரே கோட்டில், ஒத்த இடைவெளியில் நிற்கும் மூன்று விண்மீன்கள் அவனது இடைக்கச்சை. செந்நிறமான திருவாதிரை மீன் அவனது தோள். இடைக்கச்சையிலிருந்து வாள் ஒன்று தொங்குவது போலச் சில மங்கிய மீன்கள் உள்ளன. அவற்றுள் நடுவில் இருப்பதைக் கூர்ந்து நோக்கினால் அது புள்ளியாகத் தோன்றாது. பஞ்சுத் துணுக்குப் போலக் கலங்கித் தெரியும். அதுவே ஓரியன் விண்முகில். நெபுலா என்று பாடநூல்கள் கூறுவது இதனையே.

அது வளியும் தூசும் கலந்த பெருந்திரள். நம்மிடமிருந்து ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதன் நடுவில் நான்கு ஒளிமிக்க இளம் விண்மீன்கள் நெருங்கி நிற்கின்றன. அவற்றுள் மிக வெப்பமான மீனிலிருந்து வெளிப்படும் புற ஊதாக் கதிர்கள் சுற்றியுள்ள வளியைத் தாக்கி ஒளிரச் செய்கின்றன. அத்திரளுக்குள் இன்றும் புதிய விண்மீன்கள் தோன்றிக்கொண்டிருக்கின்றன. இன்று நம் கண்ணை அடையும் அதன் ஒளி, தமிழகத்தில் பல்லவர் ஆட்சி நடந்த காலத்தில் அங்கிருந்து புறப்பட்டதாகும். வரலாற்று ஆசிரியருக்கு இதனினும் இனிய செய்தி வேறு உண்டோ!

தொலைநோக்கியில் பார்த்தால் அது எப்படித் தெரியும்? நூல்களில் காணும் செந்நிறமும் நீலமும் கலந்த காட்சியை எதிர்பார்த்து வரும் மாணவர்கள் முதலில் ஏமாற்றமே அடைகின்றனர். சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய படலம் மட்டுமே தெரிகிறது. இதற்குக் காரணம் நம் கண்ணின் அமைப்பு. மங்கிய ஒளியில் வேலை செய்யும் விழித்திரை உயிரணுக்களுக்கு நிறம் தெரியாது. மேலும், கண் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. ஒரு நொடியின் சிறு பகுதியில் வந்த ஒளியைக் கொண்டு ஒரு காட்சியை அமைத்துவிட்டு, அடுத்த காட்சிக்குச் சென்றுவிடுகிறது. ஒரு மணி நேரம் உற்று நோக்கினாலும் மங்கிய பொருள் மங்கியதாகவே இருக்கும். கேமராவோ முதல் நொடியில் விழுந்த ஒளியை இழக்காமல் வைத்துக்கொண்டு, இரண்டாம் நொடியின் ஒளியை அதனோடு கூட்டுகிறது. விண்முகிலைப் படம்பிடிக்கும் கலை முழுவதும் இந்த ஒரு தன்மையைப் பற்றியே நிற்கிறது.

இக்கலையின் வரலாற்றைச் சற்றே காண்போம். இவ்விண்முகிலைத் தொலைநோக்கியில் முதன்முதலாகக் கண்டு குறித்தவர் பிரெஞ்சு நாட்டுப் பெயரெஸ்க், ஆண்டு 1610. அதன்பின் 270 ஆண்டுகள், கண்டதைக் கையால் வரைந்து காட்டுவது ஒன்றே வழியாக இருந்தது. ஒருவர் வரைந்தது போல் மற்றவர் வரைந்ததில்லை. 1880 செப்டம்பர் 30 அன்று, மருத்துவம் பயின்றவரான ஹென்றி டிரேப்பர் என்னும் அமெரிக்கர் 11 அங்குலத் தொலைநோக்கியின் வழியாக 51 நிமிடம் ஒளிபடச் செய்து, இவ்விண்முகிலின் முதல் புகைப்படத்தை எடுத்தார். 1883-இல் ஆங்கிலேயப் பொறியாளர் காமன் தம் வீட்டுத் தோட்டத்தில் அமைத்த 36 அங்குல ஆடித் தொலைநோக்கியால் எடுத்த படத்தில், அதுவரை எந்தக் கண்ணுக்கும் தெரியாதிருந்த விண்மீன்களும் பதிந்தன. வானியல் அவருக்குத் தொழில் அன்று, விருப்பம் மட்டுமே.

ஈண்டு நாம் விரித்துரைக்க விரும்புவது எட்வர்டு எமர்சன் பர்னார்டு என்பவரைப் பற்றி. அவர் 1857-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பிறந்தார். பிறக்கும் முன்னரே தந்தையை இழந்தவர். பள்ளி சென்றது ஏறத்தாழ இரண்டே மாதம். வறுமை காரணமாக, ஒன்பது வயது நிரம்புமுன் ஒரு புகைப்பட நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மின்விளக்கு இல்லாத அக்காலத்தில் படங்களைப் பெரிதாக்கக் கதிரவன் ஒளியையே பயன்படுத்தினர். அதற்கான பெரிய கருவி எப்போதும் கதிரவனையே நோக்கி நிற்க வேண்டும். கதிரவன் நகர நகரக் கருவியைத் திருப்பிக்கொண்டே இருப்பதுதான் அச்சிறுவனின் வேலை.

வளர்ந்தபின் ஊதியத்தைச் சேர்த்து 5 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். 1877-இல் அந்நகருக்கு வந்த வானியல் அறிஞர் சைமன் நியூகோமைச் சந்தித்தபோது, கணிதம் கல்லாமல் இத்துறையில் உயர இயலாது என்று அவர் அறிவுரை கூறினார். மனமுடைந்தாலும், பர்னார்டு கணிதம் கற்கத் தொடங்கினார். 1883-இல் அந்நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பின்னர் லிக் வானாய்வு நிலையத்தில் பணி பெற்றார். அங்கே 1889-இல், மனிதர்களைப் படமெடுக்கும் நிலையத்தில் பயன்பட்டு வந்த பழைய 6 அங்குல வில்லை ஒன்றைத் தொலைநோக்கியோடு சேர்த்துக் கட்டினார். தொலைநோக்கியில் ஒரு வழிகாட்டி மீனைப் பார்த்தபடி, மணிக்கணக்கில் கையாலேயே திருப்பிப் பால்வழியின் முகில்களைப் பதிவு செய்தார். ஒன்பது வயதில் கதிரவனைத் தொடர்ந்த அதே கை இப்போது விண்மீனைத் தொடர்ந்தது. அவர் 1919-இல் வெளியிட்ட பட்டியலில் 182 கருமுகில்கள் உள்ளன. விண்மீன்களே இல்லாத வெற்றிடங்கள் என்று பலர் கருதிய கரும் பகுதிகளுள் பல, பின்னால் உள்ள ஒளியை மறைத்து நிற்கும் தூசுத் திரள்கள் என்பது இத்தகைய படங்களால்தான் தெளிவாயிற்று.

இவ்விடத்தில் வரலாற்று ஆசிரியர் என்ற முறையில் இன்னொன்றையும் கூறியாக வேண்டும். பர்னார்டு வறியவர், ஆயினும் வெள்ளையர். அவர் புகைப்பட நிலையத்தில் சேர்ந்த 1866-ஆம் ஆண்டில்தான், அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்களின் கல்விக்காக அதே நகரில் ஃபிஸ்க் பள்ளி திறக்கப்பட்டது. பர்னார்டுக்கு இடமளித்த பல்கலைக்கழகம் தன் முதல் கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொண்டது 1953-இல். உழைப்பால் உயர்ந்தார் என்று ஒருவரைப் போற்றும்போது, அதே தெருவில் அவ்வளவு உழைத்தும் கதவு திறக்கப்படாதவர் எத்தனை பேர் என்றும் எண்ணிப் பார்ப்பது நம் கடமை. இதனை எம் மாணவர்களுக்கும் மறைக்காமல் கூறினோம்.

இனி எங்கள் முயற்சிக்கு வருவோம். எங்களிடம் உள்ளது 130 மில்லிமீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி. மோட்டார் கிடையாது, மெதுவாக நகர்த்தும் திருகு ஒன்று உண்டு. கேமரா, திருமண நிகழ்ச்சிகளில் பல ஆண்டுகள் உழைத்து ஓய்ந்த டிஜிட்டல் கேமரா. முன்னாள் மாணவர் ஒருவர் அன்புடன் அளித்தது.

2021 டிசம்பரில் தொடங்கினோம். கண்ணருகு வில்லையை எடுத்துவிட்டு அவ்விடத்தில் கேமராவைப் பொருத்தினோம். எவ்வளவு திருகியும் படம் தெளியவில்லை. தொலைநோக்கியின் குவியம் குழலுக்கு அருகிலேயே அமைய, கேமராவின் உணரியோ அதன் உடலுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. எனவே குவியம் அதனை எட்டவில்லை. பெரிய ஆடியைத் தாங்கும் திருகுகளை மாற்றி, ஆடியைச் சற்றே மேலே ஏற்றிய பிறகு குவியம் எட்டியது.

இரண்டு நொடி ஒளிபடச் செய்தோம். விண்மீன்கள் நெல்மணிகள் போல நீண்டு பதிந்தன. புவி சுழல்வதால் வானம் நான்கு நிமிடத்திற்கு ஒரு பாகை நகர்கிறது. தொலைநோக்கி பொருளைப் பெரிதாக்குவது போலவே அந்நகர்ச்சியையும் பெரிதாக்கிவிடுகிறது. ஆயினும் அந்த நெல்மணிகளின் நடுவே இளஞ்சிவப்பாய் ஒரு கீற்றுத் தெரிந்தது. கண்ணுக்குச் சாம்பலாய் இருந்தது கேமராவுக்கு நிறமாய் இருந்ததைக் கண்ட மாணவர்கள் எழுப்பிய ஒலி ஏரியின் மறுகரை வரை கேட்டிருக்கும்.

அதன்பின் பர்னார்டின் வழியையே பின்பற்றினோம். கேமராவைத் தொலைநோக்கியின் முதுகில் ஏற்றிக் கட்டினோம். படமெடுப்பது கேமராவின் சொந்த வில்லை. தொலைநோக்கி வழிகாட்டுவதற்கு மட்டும். பழுதடைந்த மோட்டாரிலிருந்து உருவிய மெல்லிய செப்புக் கம்பிகளைக் கண்ணருகு வில்லைக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினோம். இருட்டில் கம்பி தெரியவில்லை. வழிகாட்டி மீனின் குவியத்தைச் சற்றே கலைத்து அதனைச் சிறு வட்டமாக்கியபோது, அவ்வட்டத்தின் மேல் கம்பிகள் கருங்கோடுகளாகத் தெரிந்தன. மீன் கம்பிகளின் சந்திப்பை விட்டு விலகாதவாறு திருகை மெல்ல மெல்லத் திருப்ப வேண்டும். ஒரு மாணவர் பத்து நிமிடம், பின்னர் அடுத்தவர் என்று முறை வைத்தோம். திருகைப் பிடித்திருப்பவர் விண்முகிலைக் காண்பதில்லை. ஒரே ஒரு மீனைத்தான் காண்கிறார். அப்பணியின் அருமை அதைச் செய்தவர்க்கே தெரியும்.

தொலைநோக்கியின் சுழல் அச்சு துருவ மீனை நோக்கி அமைய வேண்டும். நம் நாட்டின் தென்பகுதியில் அம்மீன் அடிவானத்திற்கு மேல் 11 அல்லது 12 பாகை உயரத்திலேயே நிற்கிறது. கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அம்முட்டியின் அகலம் சுமார் 10 பாகை, அவ்வளவே உயரம். எனவே வடதிசை திறந்த இடம் வேண்டும். பனைமரம் ஒன்று எங்களை ஒரு மாலை முழுவதும் இடம் மாறச் செய்தது.

இரண்டு இரவுகள் வீணாயின. ஒன்றில், வில்லையின் மேல் முடிவிலி என்று பொறித்திருந்த குறியை நம்பி வைத்தோம். அத்தனை படமும் கலங்கியிருந்தன. ஒளிமிக்க மீன் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறு புள்ளியாகும் வரை திருகுவதே சரியான முறை. மற்றோர் இரவில் மார்கழிப் பனி வில்லையில் படிந்துவிட்டது. அட்டையால் நீண்ட குழல் செய்து வில்லைக்கு முன் மாட்டியபின் அத்தொல்லை பெரிதும் குறைந்தது.

2023 ஜனவரி 21, தை அமாவாசை. நிலவற்ற அவ்விரவில் 135 மில்லிமீட்டர் குவியத் தூரத்தில், படம் ஒன்றுக்கு 30 நொடியாக 118 படங்கள் எடுத்தோம். கை நடுங்கியவை, காற்றில் அசைந்தவை போக நல்லன 100 தேறின. வில்லையை மூடிவிட்டு அதே 30 நொடியில் சில படங்களும், வெள்ளை வேட்டித் துணியை வில்லைமேல் போர்த்திக் காலை ஒளியில் சில படங்களும் எடுத்தோம். முன்னவை கேமரா தானாக உண்டாக்கும் புள்ளிகளைக் கழிக்கவும், பின்னவை வில்லையின் தூசையும் ஓரத்து இருளையும் கழிக்கவும் பயன்படும்.

பள்ளிக் கணினியில், விலையின்றிக் கிடைக்கும் மென்பொருளால் நூறு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். தனிப் படத்தில் மணல் தூவியது போன்ற கறை இருக்கும். அக்கறை படத்துக்குப் படம் வேறுபடும். விண்முகிலோ எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும். நூறு படங்களை அடுக்கினால் கறையோடு ஒப்பிட முகிலின் தெளிவு பத்து மடங்காகிறது. நூறின் வர்க்கமூலம் பத்து என்பதே இதன் கணக்கு. எங்கள் நூறு படங்களின் மொத்த நேரம் 50 நிமிடம். டிரேப்பரின் முதல் படத்திற்கு 51 நிமிடம் ஆனதை ஒரு மாணவர் சுட்டிக்காட்டினார்.

படத்தில் முகிலின் சிறகுகள் இருபுறமும் விரிந்திருந்தன. சாதாரணக் கேமராவில் உணரியின் முன்னுள்ள வடிகட்டி, ஹைட்ரஜன் வளி உமிழும் 656 நானோமீட்டர் செவ்வொளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். எனவே எங்கள் படத்தில் முகில் ஆழ்ந்த சிவப்பாக இல்லாமல் ஊதா கலந்து தோன்றியது. இதனையும் படத்தின் கீழ் எழுதி வைத்தோம்.

இனி அம்மாணவியின் கேள்விக்கு வருகிறோம். மங்கிய ஒளியைச் சேர்க்க இருண்ட வானம் தேவை. பள்ளித் திடலில் கடைத்தெருவின் வெளிச்சம் பரவியிருந்தது. நாங்கள் தேடிக் கண்ட இருண்ட இடம், நம் மக்கள் வாழும் குடியிருப்புக்கு அப்பால் உள்ள ஏரிக்கரை. பெற்றோர் இசைவு பெற்று, தாய்மார் சிலரையும் துணைக்கு அழைத்து அங்கே கூடினோம். "இங்கு விளக்கில்லாதது நம் பேறு" என்று நாம் மாணவர்களிடம் கூறினோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுந்து கேட்டார்:

"ஐயா, இது நல்ல இருட்டு என்கிறீர்கள். என் அம்மா ஆலையில் வேலை முடித்துப் பத்து மணிக்கு மேல் இவ்வழியாகத்தான் தனியே நடந்து வருகிறார்கள். விளக்குக் கேட்டுப் பல முறை மனுக் கொடுத்தோம். விளக்கு வந்துவிட்டால் நாம் படம் எடுக்க முடியாதா?"

நாம் உடனே விடை கூற இயலவில்லை. ஜவ்வாது மலையில் காவலூரில் வானாய்வு நிலையம் அமைத்தபோது, இருண்ட வானத்தை நாடித்தான் அவ்விடத்தைத் தேர்ந்தனர். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் தொடங்கிய அந்நிலையத்தில் 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கலாயிற்று. அங்குள்ள இருள் ஆய்வுக்காகத் தேர்ந்தெடுத்த இருள். எம் ஏரிக்கரை வழியின் இருளை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. விளக்குக் கம்பங்களின் வரிசை ஊர்த்தெருவோடு நின்றுவிட்டது. அதன் பின் எஞ்சியதே அவ்விருள். அதனைப் பேறு என்று சொன்னது எமது பிழை. மறுநாள் வகுப்பில் அதனை ஒப்புக்கொண்டோம்.

பின்னர் மாணவர்கள் தெருத்தெருவாகச் சென்று கம்பங்களை எண்ணினர். ஊர்த்தெருவில் 22 கம்பங்கள். குடியிருப்பிலிருந்து பெருவழி வரை 600 மீட்டர் தூரத்தில் ஒன்றுகூட இல்லை. வரைபடத்துடன் மனு எழுதி, குடியிருப்புத் தாய்மார்கள் கையொப்பமிட்டு, 2023 அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்தில் அளித்தனர். ஒளி வீணே வானுக்குச் செல்லாமல் தரையில் மட்டும் விழுமாறு விளக்குகளுக்கு மேல்மூடி வேண்டும் என்றும் அதில் கேட்டிருந்தனர். தரையில் விழும் ஒளி நடப்பவர்க்கு உதவும். வானுக்குச் செல்லும் ஒளி எவர்க்கும் உதவாது. 2024 ஆகஸ்டில் ஒன்பது விளக்குகள் வந்தன. மூடி வரவில்லை. நான்கு விளக்குகள் வானை நோக்கிச் சாய்ந்தே நிற்கின்றன. அவற்றைத் திருத்தக் கேட்டு மீண்டும் எழுதியுள்ளோம்.

2025 ஜனவரி 29, மீண்டும் தை அமாவாசை. கரையின் மறுசரிவில் கருவியை நிறுத்தி அதே நூறு படங்களை எடுத்தோம். வானத்தின் பின்னொளி ஏறத்தாழ இருமடங்காகியிருந்தது. முகிலின் மெல்லிய சிறகுகள் மங்கிப்போயின. மாணவர்கள் சோர்வடையவில்லை. பின்னொளி இருமடங்கானால் படங்களின் எண்ணிக்கையையும் இருமடங்காக்க வேண்டும் என்று கணக்கிட்டு, மேலும் நூறு எடுத்தனர். சிறகுகள் மீண்டன.

அன்றிரவு பணி முடிந்த அம்மாணவியின் தாயார் விளக்கொளியில் நடந்து வந்து, கரையேறி எங்களிடம் நின்றார். படமெடுப்பு முடிந்திருந்ததால் தொலைநோக்கியை விண்முகிலுக்குத் திருப்பிப் பார்க்கச் சொன்னோம். "கண்ணாடியில் மூச்சு விட்டது போல இருக்கிறது" என்றார். அதனினும் சரியாக அதனை எவரும் கூறக் கேட்டதில்லை.

விளக்கில்லாத ஆண்டில் எடுத்த படத்தையும், விளக்கு வந்த ஆண்டில் எடுத்த முதல் நூறு படங்களால் அமைந்த மங்கலான படத்தையும் பள்ளிச் சுவரில் அருகருகே மாட்டியுள்ளோம். தெளிவாக இருப்பதை விட்டுவிட்டு மங்கலானதை ஏன் மாட்டினீர்கள் என்று வருவோர் கேட்கின்றனர். விடை கூறும் பொறுப்பை அம்மாணவியிடம் விட்டுள்ளோம். அவர் இப்போது பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் பயில்கிறார்.

மாணவச் செல்வங்களே! தொலைநோக்கி இல்லையே என்று வாளாவிராதீர்கள். ஒரு கேமராவும் அசையாத முக்காலியும் போதும். 50 மில்லிமீட்டர் வில்லையில் ஐந்து நொடி வரை வைத்தால் விண்மீன் அதிகம் நீளாது. அவ்வாறு இருநூறு படம் எடுத்து அடுக்குங்கள். ஓரியன் முகில் தெரியும். மங்கலாயின் மறுநாளும் எடுத்துச் சேருங்கள். முன்னர் எடுத்ததை அழித்துவிடாதீர்கள். அதுவும் கூட்டலில் ஓர் உறுப்பு.

பெரியோர்களே! வரும் தை அமாவாசை இரவில் எங்கள் ஏரிக்கரைக்கு வருமாறு உங்களை அன்புடன் அழைக்கிறோம். வழியில் இப்போது விளக்குகள் உள்ளன, அச்சமின்றி வரலாம்.